மலைப் பேருந்து உண்டு

மூன்றே பேர் வேலை பார்க்கும் எங்கள் ரேடியோ ஸ்டேஷனுக்குப் பதினோரு பேர் கமிட்டி. பல்கலைக்கழகத்துச் சொத்து, சும்மா விட்டுவிட முடியுமா என்பார்கள். மைக் முன்னால் உட்கார்ந்து பேசுகிறவள் நான், மணிமொழி. டவரிலிருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் கட்டி மேய்க்கிறவர் பிலிப்பு அண்ணன். கூட்டிப் பெருக்கி, டீ வாங்கி வருவது சாலம்மாள். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தராவது ஒரே ஒரு நாள் எங்கள் நிகழ்ச்சியைக் காது கொடுத்துக் கேட்டிருப்பாரா என்றால், சத்தியமாகக் கிடையாது.

‘அடிவாரம் பண்பலை’ என்று பெயர். கள்ளக்குறிச்சிக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவில், பல்கலைக்கழகத்தின் பின்பக்கம் இருக்கிறது. கல்வராயன் மலைச் சரிவில் செல்போன் டவர் எட்டாத ஊர்களில்கூட எங்கள் ஒலிபரப்பு கேட்கும். செய்தி சொல்லக் கூடாது, அரசியல் பேசக் கூடாது என்பது லைசென்ஸ் கொடுக்கும்போதே போட்ட நிபந்தனை. ஆகவே மரவள்ளிக்கு வரும் மாவுப்பூச்சி, கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை, மதியம் விருப்பப் பாட்டு, இவ்வளவுதான் எங்கள் சரக்கு. இதையெல்லாம் விட ஜனங்கள் காத்துக்கிடந்து கேட்டது ஒரு நிமிஷ நிகழ்ச்சியை. ‘இன்று பஸ் உண்டா?’

அதைப் புரியவைக்க எங்கள் மலை பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் கள்ளக்குறிச்சியில் கிளம்பி, வெள்ளிமலை வரைக்கும் ஏறி, திரும்பி இறங்கும். ஒரு நாள் ஓடும், ஒரு நாள் பிரேக் பிடிக்காது, ஒரு நாள் டிரைவர் லீவு. மலைக்காரர்களோ காட்டுப் பாதையில் நெடுந்தூரம் நடந்துதான் ரோட்டுக்கு வர வேண்டும். புளி மூட்டையோடு இறங்கி வந்து, பஸ் இல்லாமல் அதே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போவார்கள். அதனால் விடிகாலையில் நான் டெப்போவுக்குப் போன் போட்டுக் கேட்டு, நேரலையில் சொல்வேன். “இன்று மலைப் பேருந்து உண்டு.” இல்லாவிட்டால், “இன்று இல்லை.” நான் படித்த எம்.ஏ.வுக்கு அந்த ஒரு நிமிஷம்தான் உருப்படியான பயன் என்று எனக்கே தோன்றும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்த வருஷம் அது. கொரோனாவுக்கு அடைத்த ஊர் அப்போதுதான் திறந்திருந்தது. முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு கோஷம் போட்டார்கள். விருப்பப் பாட்டு கேட்கிறேன் என்று கூப்பிட்ட ஒருத்தன், பாட்டின் பெயரைச் சொல்லாமல், “எங்க பங்க எங்களுக்குக் குடு!” என்று நேரலையில் கத்திவிட்டு வைத்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. பதிவாளர் அரங்கநாதனுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. ரேடியோவுக்குப் பொறுப்பு அவர்தான். ஸ்டுடியோவுக்கு ஓடி வந்தவர், செருப்பைக்கூட வெளியே கழற்றவில்லை.

அன்றோடு நேரலை செத்தது. எல்லாவற்றையும் முந்தின நாள் சாயங்காலமே பதிவு செய்ய வேண்டும், அவர் கேட்டு ஒப்புதல் கொடுத்த பிறகுதான் ஒலிபரப்பு என்று உத்தரவு போட்டார்.

“சார், நாளைக்கு பஸ் ஓடுமான்னு இன்னிக்கே எப்படி சார் சொல்றது?”

“டைம்டேபிள் இருக்கு இல்லம்மா? அதுல உண்டுன்னு போட்டிருந்தா உண்டு.”

“ஓடலைன்னா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இங்க பாருங்க மணிமொழி. உண்டுன்னு சொன்னா அது அறிவிப்பு. இல்லைன்னு சொன்னா அது செய்தி. ஏன் இல்லை, யார் நிறுத்தினாங்கன்னு அடுத்த கேள்வி வரும். செய்திக்கு நமக்கு லைசென்ஸ் இல்லை.”

டாக்டர் பட்டம் வாங்கின மனுஷன் பேசுகிற பேச்சா இது? எனக்கு வாயில் நன்றாக வந்தது, முழுங்கிக்கொண்டேன். ஆளைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சாலம்மாளுக்குக் காய்ச்சல் என்றால் தன் காரிலேயே கொண்டுபோய் விடுவார். பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க டைம்டேபிளைப் பார்த்து நான் “உண்டு” சொன்னேன். எந்தச் சாமி புண்ணியமோ, பஸ்ஸும் ஓடியது.

அடுத்த வாரத் தொடக்கத்தில் கர்ப்பிணிகள் நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது ஒரு போன் வந்தது. மலைச் சரிவில் இருந்து சின்னப்பொண்ணு என்று ஒரு அம்மா. அவள் ஊரில் ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்குமாம். காற்றுச் சத்தத்துக்கு நடுவில் கத்திக் கத்திப் பேசினாள்.

“எம் பொண்ணு கமலாவுக்கு மாசம் நெறஞ்சிடுச்சி கண்ணு. ரத்தக் கொதிப்பு ஜாஸ்தியா கீதுன்னு நர்சம்மா சொல்லிச்சி. மொத புள்ள வூட்லயே பொறந்து வூட்லயே போயிடுச்சி. இத உட மாட்டேன்.”

“கணவர் உடன் இருக்கிறாரா அம்மா?” ரேடியோவில் நான் அச்சுப் பிசகாமல்தான் பேசுவேன். பல்கலைக்கழகத்து விதி அது.

“அவன் கேரளாவுல மொளகு பறிக்கிறான். நானும் அவளும்தான். வியாழக்கெழம கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரில சேக்கச் சொல்லிக்கீறாங்க. காலையில ரேடியோவ போட்டுக்கினு ஒக்காந்திருப்பேன். நீ பஸ்ஸு உண்டுன்னு சொன்னா ரோட்டுக்கு எறங்கிடுவோம். நீ ஒண்ணும் சொல்லலன்னா மேல வெள்ளிமலைக்கு நடந்துடுவோம். அங்க நர்சம்மா கீது, ஆம்புலன்ஸும் கீது. நீ சொல்றதுதான் கண்ணு.”

“கண்டிப்பாகச் சொல்கிறேன் அம்மா” என்றேன்.

புதன்கிழமை சாயங்காலம் என் அண்ணன் பிரவீன்குமார் போன் செய்தான். இன்ஜினியரிங் படித்துவிட்டு செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறவன். அரசுத் தேர்வு எழுதி எழுதி ஒவ்வொரு தடவையும் வாசல் வரை போய்த் திரும்புகிறவன். கச்சிராயபாளையத்தில் மறியலுக்கு ஆள் சேர்ப்பதே அவன்தான்.

“மொழி, நாளைக்கு லீவு போட்டுடு. அணை ரோடு, டவுன் ரோடு எல்லாம் மரத்த சாய்க்கப் போறோம். ஒரு ஈ காக்கா நகராது.”

“மலை பஸ்ஸு?”

“பஸ்ஸா? நல்லா கேட்ட போ.”

நான் மறியலுக்கு எதிரி இல்லை. அவன் கேட்கிற பங்கில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் பாறை மேல் நின்ற சின்னப்பொண்ணு குரல்தான் காதில் கேட்டது. ஒரு தாளில், “நாளை மலைப் பேருந்து இல்லை. மலை மக்கள் கீழே இறங்க வேண்டாம்” என்று எழுதிக்கொண்டு பதிவாளர் அறைக்குப் போனேன்.

“டெப்போவுல எழுத்து மூலமா குடுத்தாங்களா?” என்றார்.

“ஊரே சொல்லுது சார்.”

“ஊர் சொல்றதுக்குப் பேர்தாம்மா செய்தி.”

சின்னப்பொண்ணு போன் செய்ததை, கமலாவின் ரத்தக் கொதிப்பை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார். கேட்காமல் இல்லை. கேட்டுவிட்டு, “ஒருத்தருக்காக ஸ்டேஷனை மூட வெக்க முடியுமா?” என்றார்.

“அப்போ நான் பேச மாட்டேன் சார். பொய்ய என் வாயால சொல்ல மாட்டேன்.”

“பேச வேணாம். வீட்டுக்குப் போங்க” என்றார் மெதுவாக.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் பஸ் அறிவிப்பு வராது. வராவிட்டால் அவர்கள் மேலே நர்சம்மாவிடம் போய்விடுவார்கள். இருந்தாலும் சின்னப்பொண்ணு நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாராம். தூங்கப் போகும் வரை அடித்தேன், அதே பதில்தான்.

வியாழக்கிழமை விடிந்ததும் பால் வாங்கக் கச்சிராயபாளையத்துக் கடைத்தெருவுக்குப் போனேன். பஸ் இல்லை, லாரி இல்லை, கரும்பு ஏற்றின டிராக்டர்கள் வரிசையாக நின்றன. டீக்கடை ரேடியோவில் ஒரு பெண் குரல் கணீரென்று சொன்னது: “வணக்கம். அடிவாரம் பண்பலை. இன்று மலைப் பேருந்து உண்டு.”

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “இன்னாம்மா மணிமொழி, ஊரே நின்னுக்கினு கீது, நீ பஸ்ஸு உண்டுங்கற? தமாஷுதான் போ.”

அது என் குரல். நான் பேசாத பேச்சு. பால் பாத்திரத்தைக் கடையிலேயே போட்டுவிட்டுப் பிலிப்பு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“போன வாரத்து ரெக்கார்டிங்க போடச் சொன்னாரும்மா, ராத்திரி போன் பண்ணி” என்றார். “அந்த எடம் காலியா போனா கமிட்டி கேக்குமாம்.”

“அடப் பாவிங்களா! நிறுத்துண்ணே! மைக்க போட்டு நீயே இல்லைன்னு சொல்லு!”

“நான் டவுன்ல மாட்டிக்கினேம்மா. பைக்கக்கூட உட மாட்றாங்க. ஸ்டேஷன்ல யாருமில்ல, கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சது, தானா ஓடுது. இதுக்கப்புறம் இன்னும் ரெண்டு தரம் வரும்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். “ஏசுவே, அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணு எறங்கியிருக்குமா?”

அரங்கநாதன் சாருக்கு அடித்தேன். “பதறாதீங்கம்மா. பஸ் வரலைன்னா ஜனங்க தானா திரும்பிப் போயிடுவாங்க” என்றார். மாசம் நிறைந்த பெண் அந்த ஏற்றத்தில் திரும்பிப் போவாளா? அவரிடம் கேட்க எனக்கு நேரமில்லை. ஸ்டேஷனுக்குப் போய் அறிவிப்பை நிறுத்தினாலும், இறங்கிவிட்டவர்களுக்கு அது உதவாது. மலைக்குப் போகும் அணை ரோட்டைப் பார்த்து ஓடினேன்.

ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் அண்ணனும் ஒருத்தன். நான் மூச்சிரைக்கச் சொல்லி முடிக்கும் வரை கேட்டான்.

“ஆம்புலன்ஸுன்னா உட்டுடுவோம் மொழி. நாங்க ஒண்ணும் மனசாட்சி இல்லாதவங்க இல்ல.”

“எதுல உடுவ? மரத்துக்கு மேல பறந்து வருமா ஆம்புலன்ஸு?”

அவன் மரத்தைப் பார்த்தான். இறங்கிப் பைக்கை எடுத்தான். கூட இருந்தவர்களில் நாலைந்து பேரும் கிளம்பினார்கள். அடுத்தடுத்து மரங்கள் கிடந்ததால் ரோட்டில் போக முடியவில்லை. வாய்க்கால் கரையிலும் கரும்புத் தோட்ட வரப்பிலும் புகுந்து போய், வண்டி ஏறாத இடத்தில் போட்டுவிட்டு நடந்தோம். ஒவ்வொரு மரத்தையும் தாண்டும்போது எண்ணிக்கொண்டே போனேன். எத்தனை மரத்தை வெட்டியிருக்கிறார்கள், படுபாவிகள்!

மலை ஏறும் இடத்தில் ஒரு பஸ் நிழற்குடை. அதில் இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள். சின்னவள் சிமென்ட் பெஞ்சில் சாய்ந்து கிடந்தாள். முகமும் காலும் வீங்கியிருந்தன. பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து பனை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். பட்டன் போனிலிருந்து இயர்போன் ஒயரை நீளமாக இழுத்து நிழற்குடைக் கம்பியில் சுற்றியிருந்தாள். அப்போதுதான் ரேடியோ தெளிவாகக் கேட்கும். மாவுப்பூச்சிக்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தது.

“எழுந்துருங்கம்மா” என்று கத்தினேன். “பஸ்ஸு வராது. மறியலு. நாங்க தூக்கிக்கினு போறோம்.”

சின்னப்பொண்ணு என்னை மேலும் கீழும் பார்த்தாள். பின்னால் நின்ற ஆண்களைப் பார்த்தாள். மகள் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“நீங்கல்லாம் யாரு? வராம எங்க போவும்? ரேடியோவுல சொல்லிச்சி. மொதல்ல ஒரு வாட்டி, இப்ப செத்த முன்னாடி ஒரு வாட்டி. அந்தப் பொண்ணு பொய்யி சொல்லாது.”

“நான்தாம்மா அந்தப் பொண்ணு! மணிமொழி!”

“போ கண்ணு. அது இன்னா அழகா பேசும். நீ எங்கள மாதிரி பேசற.”

கமலா முனகினாள். “தலைய இடிக்குதும்மா, கண்ணு தெரியல” என்றாள். சின்னப்பொண்ணு அசையவில்லை. “பஸ்ஸு வந்துடும், பொறுத்துக்கோ” என்று விசிறினாள். பிடித்து இழுத்தால்கூட வர மாட்டாள் போலிருந்தது. நான் என்ன செய்வது? முகக்கவசத்தைப் பிய்த்து எறிந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு, மைக் முன்னால் உட்கார்ந்தவள் மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

“வணக்கம். அடிவாரம் பண்பலை. இன்று மலைப் பேருந்து இல்லை.”

விசிறி நின்றது. சின்னப்பொண்ணு வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

“ஐயோ, நீதானா” என்றாள். “காலையிலயே இத சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு?”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் பதில் சொல்வதற்குள் கமலாவின் கை வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கியது. கண் மேலே செருகியது. சின்னப்பொண்ணு போட்ட கூச்சல் மலையில் மோதித் திரும்பி வந்தது.

அண்ணன் தன் தோளில் கிடந்த துண்டைக் கமலாவின் பல்லுக்கு நடுவில் கொடுத்தான். வெள்ளிமலை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றால் அங்கே யார் போனிலும் டவர் இல்லை. கூட வந்தவர்கள் பக்கத்துக் கொல்லையிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். “தூக்குங்கடா” என்றான். அவர்களே வெட்டிச் சாய்த்த மரங்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டிலை இறக்கி, கிளைக்கு நடுவில் நுழைத்து, அந்தப் பக்கம் ஆள் ஏறி வாங்கி, மறுபடி தூக்கி. ஒருத்தன் அழுதுகொண்டே தூக்கினான். கச்சிராயபாளையத்தில் ஒரு லோடு ஆட்டோ பிடித்தோம். அண்ணன் முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டி, கள்ளக்குறிச்சி வரைக்கும் இருந்த ஒவ்வொரு கூட்டத்திடமும் கெஞ்சினான். கேட்டவர்கள் எல்லோரும் மரத்தை இழுத்துப் போட்டு வழி விட்டார்கள். வழியை மறிக்க ஒரு நிமிஷம், விட ரொம்ப நேரம் ஆனது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்தபோது அவர் கண்ணும் சிவந்திருந்தது. பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. கமலாவையும் காப்பாற்ற முடியவில்லை. “காலையிலயே மேல நர்ஸ்கிட்ட போயிருந்தாங்கன்னா...” என்று ஆரம்பித்தவர், சின்னப்பொண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சின்னப்பொண்ணு அழுது முடித்து, வராந்தா பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தாள். என் போன் அடித்தது. அரங்கநாதன் சார்.

“பிலிப்பு சொன்னார்மா. ரொம்ப வருத்தமா இருக்கு” என்றார். நிஜமாகவே குரல் கம்மியிருந்தது. “கமிட்டிகிட்ட பேசிட்டேன். இனிமே பஸ் அறிவிப்பே வேண்டாம்னு முடிவு. யாருக்கும் பிரச்சனை இல்லை பாருங்க.”

“நேத்து இத முடிவு பண்ணியிருந்தா ரெண்டு உசுரு இருந்திருக்கும் சார்” என்றேன். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் வைத்துவிட்டேன். அவரோடு சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை. சண்டை போட்டு யாரை மீட்கப் போகிறேன்?

பொழுது சாயும் நேரத்தில் தெருவில் பட்டாசுச் சத்தம் கேட்டது. சென்னையில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், மறியல் வாபஸ் என்று அண்ணனுக்குப் போன் வந்தது. “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றான். சட்டை முழுக்கப் புளியமரத்து இலை ஒட்டியிருந்தது.

“எதுக்கு கண்ணு மரத்த வெட்டனாங்க?” என்று சின்னப்பொண்ணு என்னைக் கேட்டாள்.

“இட ஒதுக்கீடு கேட்டும்மா. காலேஜ்ல, சர்க்கார் வேலைல எடம் வேணும்னு.”

“கெடச்சிடுச்சா?”

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “இன்னும் இல்லம்மா” என்றான்.

உடம்பைக் காலையில்தான் கொடுப்பார்களாம், வண்டியும் அப்போதுதானாம். சின்னப்பொண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் இப்பவே மேல போவணும். ஆளுங்ககிட்ட சொல்லணும், குழி வெட்டணும், கேரளாவுக்குத் தகவல் உடணும். மலைக்கு பஸ்ஸு உண்டா கண்ணு?”

“உண்டும்மா, மரத்தெல்லாம் எடுத்துட்டாங்க. ஸ்டேண்டுல நிக்குது” என்றான் அண்ணன் அவசரமாக. “நான் ஏத்தி உடறேன் வாங்க.”

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“நீ சொல்லு கண்ணு” என்றாள் என்னிடம்.

உண்டுதான். ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ்களின் ஹாரன் எனக்கும் கேட்டது. அந்த ஒரு சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி திறந்தேன். நான் சொல்லாமல் எழுந்திருக்க முடியாது என்பது போல, சின்னப்பொண்ணு என் வாயையே பார்த்துக்கொண்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.